பழைய தோட்டுக்கு ஒரு நூல் பூ

(கைத்தொழில் பக்கம். எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி)

போன மாதம் இந்தப் பக்கத்தில் எட்டாம் வகுப்பு மண்புழு உரம் பற்றி எழுதியிருந்தார்கள். இந்த மாதம் எங்கள் முறை. நான் எடுத்துக்கொண்டது டாட்டிங் லேஸ். அதை வைத்துப் பழைய நகையைப் புதுசாக ஆக்குவது எப்படி என்பதுதான் பாடம்.

"எங்க வீட்ல ஏது நகை" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடாதீர்கள். நான் சொல்லும் நகை பீரோவில் இருப்பது இல்லை. பவுடர் டப்பாவிலும், தையல் மிஷின் டிராயரிலும், பழைய ஜாமெட்ரி பாக்ஸிலும் கிடப்பது. ஜோடி தொலைந்த ஒத்தைத் தோடு, கல் விழுந்த கம்மல், அறுந்த பாசி மாலை, முத்து உதிர்ந்த கொலுசு, கறுத்துப்போன கவரிங் வளையம். இதெல்லாம் எல்லார் வீட்டிலும் இருக்கும். தூக்கிப் போடவும் மனசு வராது, போட்டுக்கொள்ளவும் முடியாது.

தங்கம் என்றால் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? உருக்கிப் புதுசு செய்வார்கள். நம் பக்கத்தில் ஆச்சிமார் காதில் பாம்படம் போட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது. அந்தப் பாம்படங்களில் நிறைய, பேத்திகளுக்குச் சங்கிலியாகவும் வளையலாகவும் மாறிவிட்டன. எங்கள் ஆச்சியுடையதும் அப்படித்தான் போனது. பாம்படத்தின் உள்ளே முழுக்கத் தங்கம் கிடையாது. தகடாகச் செய்து உள்ளே அரக்கு வைத்திருப்பார்கள். கையில் தூக்கினால் கனமாக இருக்கும், உருக்கும்போது அரக்குப் போய்விடும். அதற்கு மேல் சேதாரம், செய்கூலி. கடையில் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு ஆச்சி ஒன்றுமே பேசவில்லை என்று அம்மா சொன்னாங்க. (22 கேரட் தங்கத்தை ஏன் 916 என்கிறார்கள் என்று கணக்குப் பாடத்தில் தசமம் படித்தவர்கள் போட்டுப் பாருங்கள். 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.916 வரும். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மிச்சம் செம்பு மாதிரி வேறு உலோகம்.)

உருக்கினால் பழசு திரும்ப வராது. நான் சொல்லித் தரப்போகும் வேலையில் திரும்ப வரும். நூலைக் கத்தரித்தால் தோடு தோடாகவே இருக்கும், மணி மணியாகவே இருக்கும். எனக்கு இந்த வேலை பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான். காசு குறைவு என்பது இரண்டாவது காரணம்.

டாட்டிங் என்பது என்ன?

நூலில் முடிச்சுப் போட்டுப் போட்டு வளையம் செய்து, வளையத்தோடு வளையம் கோர்த்துச் செய்யும் லேஸ். குரோஷா வேறு, இது வேறு. குரோஷாவில் கொக்கி ஊசியால் கண்ணிக்குள் கண்ணியாக இழுப்போம். கடைசிக் கண்ணி கழன்றால் சர்ரென்று மொத்தமும் பிரிந்து வந்துவிடும். டாட்டிங்கில் ஒவ்வொன்றும் முடிச்சு. ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற இடம் அப்படியே நிற்கும். நகைக்கு இது ரொம்ப முக்கியம். ஏனென்றால் நகை பையில் மாட்டும், தலைமுடியில் மாட்டும், தம்பி தங்கை பிடித்து இழுப்பார்கள்.

இதற்கு வேண்டிய கருவி ஒரே ஒரு ஷட்டில். தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா இருக்கிறதே, அதன் குட்டித் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் நீளம்தான். இரண்டு பக்கமும் கூர்மையாகப் படகு போல இருக்கும். ஜெர்மன் மொழியில் இந்த வேலைக்குப் பெயரே "சின்னப் படகு வேலை" என்று அர்த்தம் வருமாம். நம் தமிழிலும் நெசவு நாடாவுக்கு ஓடம் என்று இன்னொரு பெயர் உண்டு. ஜெர்மன்காரர்களும் நாமும் கூடிப் பேசி வைத்ததுபோல இருக்கிறது! இத்தாலியில் இதற்கு "வாயாடி" என்பது போல ஒரு பெயர். பிரான்சில் "விளையாட்டுத்தனம்" என்று பெயர். பெண்கள் கூடி உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்வதைப் பார்த்துத்தான் இப்படியெல்லாம் பெயர் வைத்தார்களோ என்னவோ. பேசிக்கொண்டே 504 முடிச்சு எண்ணிப் பார்க்கட்டும், அப்புறம் தெரியும். (504 என்ன கணக்கு என்று கீழே வரும்.)

டாட்டிங் ஐரோப்பாவில் 1800-க்குப் பிறகு பரவியது. முதலில் தனித்தனி வளையமாகச் செய்து ஊசியால் சேர்த்துத் தைத்தார்கள். 1850-களில்தான் வேலை செய்யும்போதே வளையத்தை வளையத்தோடு கோர்க்கும் முறை புத்தகங்களில் வந்தது. லண்டனில் இருந்த ரியேகோ என்ற அம்மையார் அந்தக் காலத்தில் டாட்டிங்குக்காகவே புத்தகங்கள் போட்டிருக்கிறார்.

நம் பக்கத்து லேஸ்

லேஸ் என்றதும் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் தென்கோடியில் 200 வருஷமாக லேஸ் இருக்கிறது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்ற பெண்மணி, 1820-களின் தொடக்கத்தில் அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, படிப்போடு லேஸ் பின்னவும் சொல்லிக் கொடுத்தார். அவருடைய மகள் எலைசா. எலைசா 1844-ல் யாரைக் கல்யாணம் செய்தார் தெரியுமா? நாம் தமிழ்ப் பாடத்தில் படிக்கும் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டவர். அவர்கள் இருந்த ஊர் நம் திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடி. எலைசா அங்கேயும் பெண்களுக்குப் படிப்பும் லேஸும் சொல்லிக் கொடுத்தார். கால்டுவெல் பற்றி ஐந்து மார்க் கேள்வி வருகிறது. எலைசா பற்றி ஒரு மார்க் கேள்விகூட வருவதில்லை. நான் கேள்வித்தாள் எடுத்தால் கட்டாயம் வைப்பேன்.

அந்த லேஸ் தலையணை லேஸ். திண்டு மாதிரி உருளையான தலையணையில் படம் வைத்து, ஊசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். ஒரே சமயத்தில் நிறையக் குச்சி ஆடும். நம் டாட்டிங் அது இல்லை. இதற்குத் தலையணை வேண்டாம், படம் வேண்டாம். பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடச் செய்யலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. நாலு முழம் நூலும் பொறுமையும் இருந்தால் ஒரு பெண் தன் கையால் காசு பார்க்கலாம் என்பதை நம் பக்கத்துப் பாட்டிமார் அந்த லேஸில்தான் முதலில் பார்த்தார்கள்.

என்னென்ன வேண்டும்

ஷட்டில் பெரிய ஊர்களில் தையல் சாமான் கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நாமே செய்யலாம். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா மூடியிலிருந்து 7 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு முனையிலும் நடுவில் ஆங்கில வி எழுத்து மாதிரி வெட்டு விடுங்கள். அந்த வெட்டில் நூல் உட்கார்ந்து சுற்றும். ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நூல் பிசிறும். நான் வைத்திருப்பது இப்படிச் செய்ததுதான். கடை ஷட்டிலை விடக் கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான்.

நூல் குரோஷா நூல், 20-ஆம் நம்பர். நம்பர் கூடினால் நூல் மெல்லிசாகும். 40 என்றால் பார்க்க அழகு, கண்ணுக்குக் கஷ்டம். சாதாரணத் தையல் நூலில் ஆரம்பிக்கக் கூடாது. முடிச்சே தெரியாது. நூல் கண்டின் மேல் மெர்சரைஸ்டு என்று எழுதியிருந்தால் நல்லது. மெர்சர் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜான் மெர்சர் 1844-ல் பருத்தி நூலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் அது பலமாவதையும், சாயத்தை நன்றாகப் பிடிப்பதையும் கண்டுபிடித்தார். அப்படிப் போடும்போது நூல் சுருங்கியது. 1890-ல் ஹொரேஸ் லோ என்பவர் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்துச் செய்தார். அப்போதுதான் பட்டு மாதிரி மினுமினுப்பு வந்தது. காஸ்டிக் சோடா என்பது நம் அறிவியல் பாடத்தில் வரும் சோடியம் ஹைட்ராக்சைடுதான். வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம், கை வெந்துவிடும்.

அப்புறம் கத்தரிக்கோல், ஒரு சேஃப்டி பின் அல்லது மெல்லிய கொக்கி ஊசி, பழைய நகை.

நகையைச் சுத்தம் செய்வது

கவரிங் என்பது செம்பு அல்லது பித்தளை மேல் மெல்லிசாகத் தங்க முலாம். முலாம் தேய்ந்ததும் உள்ளே இருக்கும் செம்பு வேர்வையோடு சேர்ந்து கறுக்கும், சில சமயம் பச்சையாகும். கழுத்தில் பச்சைக் கறை விழுவது அதனால்தான். முழுக்க முலாம் போன பித்தளை வளையத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாம். நம் வீட்டுக் குத்துவிளக்கு மாதிரியே. புளியில் இருக்கும் அமிலம் கறையைக் கரைக்கும். ஆனால் முலாம் பாதி இருக்கும் நகையில் புளி வைக்காதீர்கள். முத்து இருந்தால் கட்டாயம் வைக்கக் கூடாது. நிஜ முத்து கால்சியம் கார்பனேட், சுண்ணாம்பு இனம். அமிலம் பட்டால் அரித்துவிடும். போலி முத்தில் மேல் பூச்சு உரிந்துவிடும். இவற்றுக்குப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் போதும். பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, துணியில் ஒற்றி, நிழலில் காயவையுங்கள். ஈரத்தோடு நூல் சுற்றினால் நூலில் துரு மாதிரிக் கறை ஏறும்.

காதில் சீழ் வைக்கும் தோடு என்றால் லேஸ் செய்தும் பிரயோஜனம் இல்லை. நிறையப் பேருக்கு நிக்கல் என்ற உலோகம் ஆகாது. துளைக்குள் போகும் கம்பியில் அது இருந்தால் முன்னால் எத்தனை பூ வைத்தாலும் புண் புண்தான். அந்தத் தோட்டைக் காதில் போடாமல் ஹேர்கிளிப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சுப் பாடம்

டாட்டிங்கில் இருப்பது ஒரே முடிச்சு. அதற்கு இரண்டு பாதி. சாவி வளையத்தில் ஒரு கயிற்றை மடித்து மாட்டி, அதன் வாலை அதன் கண்ணுக்குள்ளேயே விட்டு இழுப்போம் இல்லையா, அதே முடிச்சுதான். மாதிரி ஒன்றைத் தடித்த சணலில் செய்து இந்தத் தாளின் கீழே தொங்கவிட்டிருக்கிறேன். தொட்டுப் பாருங்கள், அவிழ்க்காதீர்கள்.

ஷட்டிலில் நூலைச் சுற்றிக்கொள்ளுங்கள். நூல் முனையை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். நூலை மற்ற விரல்களைச் சுற்றிக் கொண்டுவந்து, பிடித்த இடத்திலேயே சேர்த்துப் பிடியுங்கள். கையைச் சுற்றி ஒரு நூல் வட்டம் வந்துவிட்டது. இதைக் கைநூல் என்று சொல்கிறேன். ஷட்டிலிலிருந்து வருவது ஷட்டில் நூல்.

முதல் பாதி: ஷட்டில் நூல் வலது கை விரல்களின் மேல் கிடக்கட்டும். ஷட்டிலைக் கைநூலுக்கு அடியில் கொண்டுபோய், கைநூலுக்கு மேலாக, இரண்டு நூலுக்கும் நடுவில் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

இரண்டாம் பாதி இதற்கு நேர் எதிர்: கைநூலுக்கு மேலே போய், அடியில் திரும்பி வர வேண்டும்.

இப்போது எல்லாரும் தடுக்கி விழும் இடம் வருகிறது. இங்கே நிதானமாகப் படியுங்கள். முடிச்சு எந்த நூலில் விழுகிறது? சும்மா இழுத்தால் ஷட்டில் நூல் கைநூலைச் சுற்றி முடிச்சாகும். அது தப்பு. கைநூல்தான் ஷட்டில் நூலைச் சுற்ற வேண்டும். அதற்கு என்ன வழி? ஒவ்வொரு பாதி போட்டதும் இடது கை நடுவிரலைத் தளர்த்தி, கைநூலைத் தொய்ய விடுங்கள். வலது கையால் ஷட்டில் நூலைக் கம்பி மாதிரி நேராக இழுத்துப் பிடியுங்கள். முடிச்சு டக்கென்று ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குத் தாவும். கண்ணால் பார்க்கலாம். தாவின பிறகு நடுவிரலைத் தூக்கினால் முடிச்சு நகர்ந்து கட்டைவிரல் பக்கம் வந்து உட்காரும். சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? ஷட்டில் நூலை முன்னும் பின்னும் இழுங்கள். முடிச்சுக்குள் அது வழுக்கி ஓடினால் சரி. ஓடாவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான், வளையம் இறுக்க முடியாது.

இந்தத் தாவல் கைக்கு வர ஒருத்தருக்கு ஒரு பீரியட் ஆகும், ஒருத்தருக்கு ஒரு வாரம் ஆகும். தையல் டீச்சர் சொன்ன யோசனை நல்லது. ஷட்டில் நூல் ஒரு நிறம், கைநூல் வேறு நிறம் என்று இரண்டு நூலை முடிந்து பழகினால் தாவுவது பளிச்சென்று தெரியும்.

இரண்டு முடிச்சுக்கு நடுவில் 1 செ.மீ. இடைவெளி விட்டு அடுத்த முடிச்சைப் போட்டு, பக்கத்தில் தள்ளினால் இடைவெளி நூல் மேலே வளைந்து நிற்கும். இதற்கு பிகாட் என்று பெயர். நாங்கள் வகுப்பில் காது என்றே சொல்கிறோம். 1 செ.மீ. விட்டால் காது உயரம் சுமார் அரை செ.மீ. வரும். வேண்டிய முடிச்சுகள் முடிந்ததும் ஷட்டில் நூலை இழுத்தால் கைவட்டம் சுருங்கி வளையமாக மூடும்.

கோர்ப்பது: அடுத்த வளையத்தில், முந்தின வளையத்தின் காது பக்கம் வரும்போது, அந்தக் காதுக்குள் பின்னை விட்டுக் கைநூலைக் கொஞ்சம் மேலே இழுங்கள். ஒரு கண் வரும். அந்தக் கண்ணுக்குள் ஷட்டிலை நுழைத்து இழுத்து, கைநூலைப் பழையபடி சரி செய்யுங்கள். கோர்த்தாயிற்று. பழைய கம்மலில் தொங்கட்டான் மாட்டும் சின்ன ஓட்டை இருக்குமே, அதற்குள்ளும் இதே மாதிரி கைநூலை இழுத்துக் கோர்க்கலாம். இரும்புக்கும் நூலுக்கும் கல்யாணம் முடிந்தது!

தோட்டுக்குப் பின்னால் பூ

இது நான் யோசித்துச் செய்தது. நம் ஊர்த் தோடு திருகாணி போட்டது. ஜிமிக்கியை எப்படிப் போடுகிறோம்? தோட்டுக் கம்பியில் ஜிமிக்கியின் வளையத்தை மாட்டி, பிறகு காதில் விட்டு, பின்னால் திருகாணி திருகுகிறோம். நூல் பூவையும் அப்படியே மாட்டலாமே! தோட்டில் ஒரு கீறல்கூட விழாது. கறுத்துப்போன தோட்டின் ஓரத்தையும் பூ மறைக்கும். பூ அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்.

ஆறு மணியை ஊசியால் நூலில் கோர்த்துக்கொண்டு, பிறகு ஷட்டிலில் சுற்றுங்கள். இரண்டு மீட்டர் போதும். ஒவ்வொரு வளையம் ஆரம்பிக்கும்போதும் ஒரு மணியைக் கைவட்டத்துக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். மறந்தால் மணி வெளியே நின்றுவிடும், உள்ளே கொண்டுவர முடியாது.

வளையம்: 4 முடிச்சு, காது, 4 முடிச்சு, மணியை நகர்த்தி வைத்து, 4 முடிச்சு, காது, 4 முடிச்சு, இறுக்கு. மொத்தம் 16 முடிச்சு. அடுத்த வளையத்துக்கு முன் 2 மி.மீ. வெறும் நூல் விடுங்கள். இரண்டாம் வளையத்தில் 4 முடிச்சு போட்டதும் முதல் காதுக்குப் பதில், முந்தின வளையத்தின் கடைசிக் காதில் கோர்க்க வேண்டும். இப்படி ஆறு வளையம். ஆறாவது வளையத்தின் இரண்டாவது காதை முதல் வளையத்தின் முதல் காதோடு கோர்க்க வேண்டும். அந்த இடத்தில் பூவை மடித்துப் பிடித்தால்தான் முறுக்கு விழாது. இரண்டு முனையையும் முடிந்து, வாலை ஊசியால் முடிச்சுகளுக்குள் சொருகி வெட்டுங்கள். நடுவில் வரும் ஓட்டைதான் தோட்டுக் கம்பிக்கு இடம்.

விறைப்பு வேண்டுமென்றால் ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து பூவை நனைத்து, பாலிதீன் தாள் மேல் பின் குத்திக் காயவிடுங்கள். துவைத்துப் போட நினைத்தால் ஜவ்வரிசிக் கஞ்சி நல்லது. கஞ்சி போட்டதைத் திறந்து வைக்காதீர்கள், கரப்பான் தின்றுவிடும்.

முழுப் பூ கஷ்டம் என்பவர்களுக்கு ஒரு சுலப வழி. பழைய கம்மல் வளையத்தை எடுத்து, அதன் மேலேயே முடிச்சுகளை நெருக்கமாகப் போட்டுச் சுற்றிவிடுங்கள். இதில் தாவல் தேவையில்லை. உலோக வளையமே நடுநூல், ஷட்டில் நூல் அதைச் சுற்றினால் போதும். கறுத்த வளையம் கலர் வளையம் ஆகிவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடச் செய்துவிடுவார்கள். அடிக்கும் கலர் போடாதீர்கள், யூனிஃபார்மோடு போட விடமாட்டார்கள்.

ஆச்சியின் கருகமணி

மேலே சொன்ன 504-க்கு வருகிறேன். தாத்தா இறந்தபோது ஆச்சி கழுத்திலிருந்து கழற்றிய கருகமணி, ஓலைப்பெட்டியில் ஒரு துணியில் முடிந்து கிடந்தது. இழை அறுந்து வெறும் மணியாக 41 இருந்தது. பாம்படம் போனது, சங்கிலியாக மாறிய அந்தத் தங்கமும் அடகுக்குப் போய்விட்டது. ஆச்சியிடம் அவுங்க கல்யாணத்து ஞாபகமாக மிஞ்சியது இந்த மணிதான். ஆச்சி கழுத்தில் போட முடியாது. நாங்கள் எடுத்துப் போடுவதற்கும் அத்தை சம்மதிக்கவில்லை. "தாலியோட கெடந்த மணி, பிள்ளைய போடப்படாது" என்றார்கள். ஆக, யாருக்கும் இல்லாமல் பெட்டியில் கிடந்தது.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் கேட்காமல் எடுக்கவும் கூடாது. இது என் கருத்து: மற்றவர்களின் பழைய நகையில் கை வைப்பதற்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டும், என்ன செய்யப்போகிறோம் என்று காட்டவும் வேண்டும். நான் வேறு மணியில் ஒரு சாண் நீளம் செய்து ஆச்சியிடம் காட்டினேன். "ஏட்டி, இது கழுத்துல போடுததா?" என்று கேட்டாங்க. "இல்ல ஆச்சி, ஒங்க கண்ணாடிக்குக் கயிறு" என்றேன். ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கண்ணாடி போட்டிருக்காங்க. அதை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுவாங்க. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பெட்டியை எடுத்துவரச் சொன்னாங்க.

கயிறு செய்ய வளையம் போட வேண்டாம். சங்கிலி என்ற இன்னொரு முறை இருக்கிறது. ஷட்டில் நூல் ஒன்று, கண்டிலிருந்து வரும் நூல் ஒன்று, இரண்டையும் முடிந்துகொண்டு, கண்டு நூலை இடது கை விரல்களின் மேல் போட்டுச் சுண்டு விரலில் இரண்டு சுற்று சுற்றிப் பிடிக்க வேண்டும். வட்டமாக மூடக் கூடாது. மற்றபடி அதே முடிச்சு, அதே தாவல். மணியை இதில் கண்டு நூலில் கோர்க்க வேண்டும், ஷட்டிலில் இல்லை. கண்ணாடி மணியின் ஓரம் கூராக இருந்தால் நூலை நாளாவட்டத்தில் அறுக்கும். அதனால் ஒவ்வொரு மணியையும் ஒரு நூலில் விட்டு இழுத்துப் பார்த்துத்தான் சேர்த்தேன். மணி ஓட்டைக்குள் ஊசி போகவில்லை. நூல் முனையில் நெயில் பாலிஷ் தடவிக் காயவைத்தால் அதுவே ஊசி மாதிரி விறைத்து நுழைந்துவிடும்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் 12 முடிச்சு. 41 மணி என்றால் இடைவெளி 42. 42 × 12 = 504 முடிச்சு. 12 முடிச்சு 20-ஆம் நம்பர் நூலில் சுமார் ஒன்றரை செ.மீ. வரும். மணியும் சேர்ந்து கயிறு 70 செ.மீ. கிட்ட வந்தது. சங்கிலி முறையில் லேஸ் தானாகவே சுருளும், அது தப்பில்லை. இரண்டு முனையிலும் பெரிய காதாக விட்டு, அதைக் கண்ணாடிக் காம்பில் மாட்டி, பின்னாலேயே சைக்கிள் வால்டியூப் துண்டு ஒன்றைச் சொருகினால் கழன்று வராது. கண்ணாடியின் பாரம் முழுக்க இந்த முனைகளில்தான் விழும் என்பதால் அங்கே மட்டும் நூலை இரட்டையாகப் போட வேண்டும்.

ஆச்சி இப்போது அதைப் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போறாங்க. கோயிலுக்கும் போறாங்க. கருகமணியா என்று கேட்டவர்களிடம், "கண்ணாடிக் கயிறுல்லா" என்று சொன்னாங்களாம். அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை. மணி பழையபடி வேண்டுமென்றால் நூலை வெட்டினால் போதும், 41-ம் கையில் வந்துவிடும். அதைச் சொல்லித்தான் அம்மாவையும் சம்மதிக்க வைத்தேன்.

எதில் கை வைக்கக் கூடாது

எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய வெள்ளிக் கொலுசை முத்துக்காக அறுப்பது வீண் வேலை. வெள்ளி கறுத்திருந்தால் அது கெட்டுப்போகவில்லை. காற்றில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகியிருக்கிறது, தேய்த்தால் வெளுத்துவிடும். தங்கமா கவரிங்கா என்று தெரியாததையும் தொடாதீர்கள், பெரியவர்களிடம் காட்டுங்கள். கல் ஆடிக்கொண்டிருக்கும் கம்மலுக்கு லேஸ் பிடிமானம் ஆகாது. முதலில் கல்லை ஒட்டவைத்துவிட்டு வாருங்கள்.

பழக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் தையல் டீச்சர் மரத்தடியில் உட்கார அனுமதி தந்திருக்கிறார்கள். பையன்களும் வரலாம், தறிக்காரர் வீட்டுப் பையன்களுக்கு இது சீக்கிரம் வரும் என்று டீச்சர் சொன்னாங்க. ஷட்டில் மூன்றுதான் இருக்கிறது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா மூடி கொண்டுவந்தால் அங்கேயே வெட்டிக்கொள்ளலாம். வீட்டில் கிடக்கும் ஒத்தைத் தோட்டையும், கேட்டுவிட்டு, எடுத்து வாருங்கள்.